கையெழுத்தும் தலையெழுத்தும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் கல்விக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

கல்விக் குழுவின் வரவு செலவுக் கணக்கைச் செயலாளர் அவர்கள் சற்று முன்னர் வாசித்தார்கள். அக்கணக்கில் வராத ஒரு பிழையைப் பற்றிச் சொல்லவே நாங்கள் இங்கு நிற்கிறோம். அப்பிழை எங்களுடையது.

கையெழுத்து நன்றாக இருந்தால் தலையெழுத்து நன்றாக இராது என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. நடைமுறையில் நாம் காண்பது வேறு. கையெழுத்துச் சரியில்லாத பிள்ளையின் வாழ்வைப் பெரியவர்களாகிய நாமே கோணலாக்கி விடுகிறோம்.

நமது மாலை நேரப் பயிற்சி வகுப்புக்கு ஒரு மாணவன் வந்துகொண்டிருந்தான். தந்தையார் சிப்காட்டில் ஷிப்டு வேலை பார்ப்பவர். கணக்கைக் கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிடுவான். பாடத்தில் எதைக் கேட்டாலும் தன் சொந்த வார்த்தைகளில் விளக்குவான். ஆனால் அவனுடைய நோட்டுப் புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் கோட்டுக்கு மேலும் கீழும் அலைந்துகொண்டிருக்கும். தான் எழுதிய 7-ஐத் தானே 1 என்று படித்து விடையைத் தவறவிட்டதும் உண்டு. எங்கள் வகுப்பிலேயே அவனை நூறு முறை எழுதி வரச் சொன்னோம். கை வலித்தது, எழுத்துத் திருந்தவில்லை.

கல்வி உதவித்தொகை கேட்டுத் தன் கையாலேயே விண்ணப்பம் எழுதித் தந்தான். மதிப்பெண் பட்டியலை மட்டும் பார்த்து அதை நிராகரித்தோம். கோழிக் கிறுக்கல் என்று எங்களுள் ஒருவர் சொன்னதும், மற்றவர்கள் சிரித்ததும் உண்மை. அவன் வாசலில் நின்றிருந்தான். மறுவாரம் முதல் வகுப்புக்கு வரவில்லை.

விசாரிக்க வீட்டுக்குச் சென்றபோது அவனுடைய தாயார், "பேப்பரைப் பார்த்தீர்களே, என் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்டீர்களா?" என்றார். எங்களிடம் பதில் இல்லை. அதன் பிறகே இது பற்றி ஆசிரியர்களிடமும் மருத்துவர்களிடமும் கேட்டு அறியத் தொடங்கினோம்.

எழுதுவது என்பது ஒரே வேலை அன்று. கருத்தை நினைவுக்குக் கொண்டுவர வேண்டும். வாக்கியமாக அடுக்க வேண்டும். விரல்களை அதற்கேற்ப நகர்த்த வேண்டும். நம்மில் பலருக்கு மூன்றாவது வேலை தானாக நடந்துவிடுகிறது. சில பிள்ளைகளுக்கு அது தானாக நடப்பதில்லை. ஒவ்வோர் எழுத்தின் வடிவத்தையும் எண்ணி எண்ணி எழுதும்போது முதல் இரண்டு வேலைகளும் தடைப்படுகின்றன. இக்குறைபாட்டை டிஸ்கிராபியா என்கிறார்கள். இது சோம்பலும் அன்று, அறிவுக் குறைவும் அன்று. அதே வேளையில், மோசமான கையெழுத்து எல்லாமே இக்குறைபாடு ஆகிவிடாது. பார்வைக் கோளாறு, பேனா பிடிக்கும் முறை, அவசரம், இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளையை வலக்கையால் எழுதக் கட்டாயப்படுத்துவது எனக் காரணங்கள் பல. எது காரணம் என்று அறியாமல் தண்டிப்பதுதான் தவறு.

நமது ஓசூர்ப் பகுதிக்கு மற்றொரு சுமையும் உண்டு. இங்கே தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய நான்கும் ஒரே தெருவில் ஒலிக்கின்றன. நம் பிள்ளைகள் பலர் வீட்டில் உருது பேசி, அதை வலமிருந்து இடமாக எழுதிப் பழகுகின்றனர். பள்ளியில் தமிழையும் ஆங்கிலத்தையும் இடமிருந்து வலமாக எழுதுகின்றனர். 2006 ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பின் தமிழைப் பிழையற எழுதுவது நம் பிள்ளைகளுக்கு இன்னும் இன்றியமையாததாயிற்று. அது நன்மையே. ஆயினும் மூன்று வகை எழுத்துகளைப் பழகும் சிறு கைக்குக் கூடுதல் காலமும் பொறுமையும் தேவை என்பதை நாம் உணர வேண்டும்.

கையெழுத்தை அலட்சியம் செய்யலாம் என்று நாங்கள் சொல்லவில்லை. காந்தியடிகள் தம் கையெழுத்து நன்றாக இல்லை என்பதற்காகப் பிற்காலத்தில் வெட்கப்பட்டதைச் சத்திய சோதனையில் எழுதியிருக்கிறார். குழந்தைகளுக்கு முதலில் ஓவியம் வரையக் கற்பித்துப் பின்னர் எழுத்தைக் கற்பிக்க வேண்டும் என்பது அவர் கருத்து. தொடக்க வகுப்புகளில் அன்றாடம் சிறிது நேரம் முறையாகப் பழக்கினால் பல பிள்ளைகள் தேறிவிடுவார்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகள் இன்றும் பேனாவால்தான் எழுதப்படுகின்றன.

எவ்வளவு பழகியும் கை ஒத்துழைக்காத பிள்ளைக்குத் தட்டச்சு ஒரு வழி. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886 இல் பிறந்த முத்தையா அவர்கள் தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கினார். 1999 இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ் 99 விசைப்பலகை அரசின் ஏற்பைப் பெற்றது. அதில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்கள் வலக்கைப் பக்கமும் அமைந்திருப்பதால் பழகுவது எளிது. நம் ஊர்த் தட்டச்சுப் பயிலகங்களில் படித்து, இளநிலை, முதுநிலைத் தேர்வுகளில் தேறி அரசுப் பணிக்குச் சென்றவர்களை நாம் மதிக்கிறோம். அதே திறனைப் பள்ளிப் பிள்ளை கற்றால் மட்டும் குறுக்குவழி என்பது முறையா? ஆனால் தட்டச்சும் ஒரே நாளில் வந்துவிடாது. விரல்கள் விசைகளைத் தேடும் வரை கருத்து காத்திருக்கத்தான் வேண்டும். சில மாதப் பயிற்சிக்குப் பின்னரே பயன் தெரியும்.

சட்டமும் துணை நிற்கிறது. 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. கற்றல் குறைபாடும் அவற்றுள் ஒன்று. டிஸ்கிராபியா அதில் அடங்கும். உரிய மருத்துவச் சான்று பெற்றவர்கள் பொதுத்தேர்வில், சொல்வதை எழுதுபவரின் உதவி, கூடுதல் நேரம் போன்ற சலுகைகளைக் கோரலாம். தேர்வு நெருங்கிய பின் ஓடுவதில் பயனில்லை. கல்வியாண்டின் தொடக்கத்திலேயே பள்ளித் தலைமையாசிரியரை அணுக வேண்டும்.

ஆகவே இப்பொதுக்குழுவின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். முதலாவது, உதவித்தொகைக்கு மதிப்பெண்ணோடு நேர்முகக் கேள்வியும் சேர்க்கப்பட வேண்டும். இரண்டாவது, ஜமாஅத் அலுவலகத்தில் உள்ள கணினியை மாலையில் தட்டச்சுப் பயிற்சிக்குத் தர வேண்டும். மூன்றாவது, சான்று பெறச் செல்லும் பெற்றோருடன் மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் சென்று வரத் தொண்டர் இருவரை நியமிக்க வேண்டும். நூறு முறை எழுதும் தண்டனையை எங்கள் வகுப்பில் நாங்களே நிறுத்திவிட்டோம்.

அந்த மாணவன் இப்போது மீண்டும் வகுப்புக்கு வருகிறான். அவனிடம் நாங்கள் மன்னிப்புக் கேட்டோம். கையெழுத்து இன்னும் முழுமையாகத் திருந்தவில்லை. ஓர் உறுப்பினரின் வீட்டுக் கணினியில் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டி, உதவித்தொகைக்கு மறுபடியும் விண்ணப்பித்திருக்கிறான். அவ்விண்ணப்பம் தலைவர் அவர்களின் மேசை மீது இருக்கிறது. அவனை அழைத்து ஒரு கேள்வி கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள் என்பதே எங்கள் பணிவான வேண்டுகோள்.