ரசீதுப் படங்கள் ஏன் திறக்கவில்லை?
(பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நம் சங்க இணையதளத்தில் பராமரிப்புச் செலவு ரசீதைத் தட்டினால், படம் தெரியாமல் ஏதோ ஒரு ஃபைல் டவுன்லோட் ஆகிறது என்று பலர் கேட்டீர்கள். கணக்கை மறைக்கிறார்களோ என்ற பேச்சும் வந்தது. ரசீது ஒன்றுகூட அழியவில்லை. நடந்தது இதுதான்.

பக்கம் வேகமாகத் திறப்பதற்காக, படங்களின் சிறிய பிரதிகள் சர்வரில் கேஷ் என்ற தனி ஃபோல்டரில் சேமிக்கப்படுகின்றன. அந்தப் பிரதிகளின் பெயருக்குப் பின்னால் '.ஜேபிஜி' என்ற வால் இல்லை. அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் போன்ற வெப் சர்வர்கள் வழக்கமாக ஃபைலைப் பிரித்துப் பார்ப்பதில்லை. வாலைப் பார்த்துத்தான் 'இது படம்' என்று பிரவுசரிடம் சொல்லும். வால் இல்லாததால் 'ஏதோ ஒரு ஃபைல்' என்று சொல்லிவிட்டது; பிரவுசரும் அதைக் காட்டாமல் இறக்கி வைத்தது.

அந்த ஃபோல்டரில் இருப்பவை எல்லாம் ஜேபிஜி படங்களே என்று சர்வர் செட்டிங்கில் இப்போது ஒரு வரி சேர்த்தாயிற்று. பழைய பதில் உங்கள் போனில் தங்கியிருக்கலாம். பிரவுசர் கேஷை ஒருமுறை அழித்துவிடுங்கள். ஏற்கெனவே இறங்கிய ஃபைலின் பெயரோடு '.ஜேபிஜி' சேர்த்தாலும் படம் திறக்கும்.

ரசீதுகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் பொருளாளரிடம் நேரில் கேளுங்கள்.