ஒட்டிய பிள்ளை



தாய்லாந்து மொழியில் 'லூக் தித்' என்றொரு சொல் உண்டு. முந்தைய உறவில் பிறந்து, அன்னையோடோ தந்தையோடோ புதிய இல்லத்திற்கு வரும் குழந்தையை அது குறிக்கும். 'ஒட்டிய பிள்ளை' என்பது அதன் நேர்ப்பொருள். அன்னையை ஒட்டிய பிள்ளை நாட்டின் எல்லையைக் கடக்க வேண்டிவரின் யாது நிகழும்? அதனைச் சிறிது ஆராய்வோம்.

ஓர் எடுத்துக்காட்டுக் கொள்வோம். தாய்லாந்தின் வடகிழக்கே உடோன் தானியிற் பிறந்த பெண்ணொருத்தி, ஆங்கிலேயர் ஒருவரை மணந்து பிரிட்டனில் வாழ்கின்றாள். அவளுடைய பத்து வயது மகன் பாட்டியிடம் வளர்கின்றான். மார்ச்சு நடுவிலிருந்து மே நடு வரை அங்குப் பள்ளி விடுமுறை. அப்பொழுது மகனை அழைத்துவந்து உடன் வைத்திருக்க அன்னை விழைகின்றாள். "செலவு என்னுடையது, நானே அழைத்து வருகின்றேன்" என்கின்றார் கணவர். இனித் தடை என்ன?

விசா வழங்கும் அதிகாரியின் முன் இரண்டு வினாக்கள் நிற்கின்றன. இக்குழந்தைக்காகப் பேசும் உரிமை யாருக்கு? இக்குழந்தை திரும்பிச் செல்லுமா?

முதல் வினாவைப் பார்ப்போம். அன்னையை மணந்ததனாலேயே கணவருக்குக் குழந்தையின்மீது சட்ட உரிமை வந்துவிடுவதில்லை. தாய்லாந்துச் சட்டப்படி, மணம் பதிவு செய்யாத பெற்றோருக்குப் பிறந்த குழந்தையின் உரிமை அன்னையினுடையது. நம் தாலுகா அலுவலகத்தை ஒத்த 'அம்பே' அலுவலகம், அதற்கு 'போ.கோ. 14' என்னும் சான்றினை வழங்கும். பெற்றோர் மணந்து பின்னர் இசைவோடு பிரிந்திருப்பின், குழந்தை யார் பொறுப்பில் உள்ளது என்பது மணமுறிவுப் பதிவேட்டிலேயே காணப்படும். பொறுப்பு இருவர்க்கும் உளதாயின் தந்தையின் இசைவும் வேண்டும். அவர் இருக்குமிடமே தெரியாதாயின், சிறுவர் குடும்ப நீதிமன்றத்தை நாட நேரலாம். தாய் மொழியிலுள்ள இச்சான்றுகளுக்கெல்லாம் உறுதிசெய்யப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பும் தேவை.

இத்துணைக் கண்டிப்பு எதற்கு? பெற்றோருள் ஒருவர் மற்றவர் அறியாமல் குழந்தையை அயல்நாட்டிற்குக் கொண்டுசென்றுவிடுதல் உலகெங்கும் நிகழ்கின்ற துயரம். அதனைத் தடுக்கவே 1980-ஆம் ஆண்டில் ஹேக் உடன்படிக்கை உருவாயிற்று. தாய்லாந்து 2002-இல் அதில் இணைந்தது. ஆகவே, நல்லெண்ணமுடைய குடும்பத்தைத் துன்புறுத்துவது போலத் தோன்றும் இவ்விதி, வேறோர் இல்லத்தின் குழந்தையைக் காத்து நிற்கின்றது.

இரண்டாம் வினாவிற்கு விடை, சிறுவனின் அன்றாட வாழ்விலேயே உள்ளது. பள்ளி மீண்டும் திறக்கும் நாளைக் குறிக்கும் தலைமையாசிரியர் கடிதம், பாட்டியின் இல்லம், பயண நாட்கள், செலவை ஏற்பவரின் வருவாய்ச் சான்று ஆகியவை கூடி, அவன் திரும்புவான் என்பதைக் காட்டும். உடன்வரும் பெரியவர் இன்னார் என்பதும் சிறுவனது விசாவிற் குறிக்கப்பெறும்.

இங்கேதான் ஒரு சோதனை உண்டு. "சுற்றுலா என்று சொல்லி அழைத்து வருவோம், பின்னர் நம்மோடே வைத்துக்கொள்வோம்" என்று மனம் சொல்லும். பாசத்தால் எழும் எண்ணமே எனினும், அது பொய். பிரிட்டனில் இத்தகைய விசா பொதுவாக ஆறு திங்களுக்கு மேற்படாது. குடியேறுதற்கு உரியதும் அன்று. குடியேற்றத்திற்குத் தனி விண்ணப்பம் உண்டு. அதற்குப் பெரும்பாலும், அன்னையே முழுப் பொறுப்பேற்று வளர்த்தமைக்குச் சான்று கேட்பர். இன்று சொல்லும் பொய் ஏட்டில் நிலைத்து, நாளை அவ்விண்ணப்பத்தின் வழியையே அடைத்துவிடக்கூடும். வருந்துபவன் ஏதுமறியாச் சிறுவன்.

விசா மறுக்கப்பட்டாலும் மனந்தளர வேண்டுவதில்லை. மறுப்பின் காரணத்தைப் படித்து, குறையை நிறைவு செய்து, மீண்டும் விண்ணப்பிக்கலாம். விடுமுறை தோறும் சென்று, சொன்ன நாளில் திரும்பும் பிள்ளைக்கு, அடுத்த முறை அவனது பாஸ்போர்ட்டே நற்சான்று கூறும். அன்னையும் மகனும் ஆண்டுதோறும் சந்திக்க அதுவே உறுதியான வழி.