ஆளறிந்து ஆட்டம் வகுத்தல்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இயலும் இசையும் நாடகமும் கொலுவிருக்கும் இம்மேடையில் கூடைப்பந்தைப் பற்றிப் பேச ஒருவன் எழுந்தால், இவன் வழி தவறி வந்தானோ என்று சிலர் ஐயுறக்கூடும். இளைஞர்க்குப் பயன்படும் பொருள் பற்றிப் பேசவேண்டும் என்பது செயலாளர் இட்ட கட்டளை. யான் எடுத்துக்கொண்ட பொருள் அவர்களைவிடப் பெற்றோர்க்கே மிகுதியாகப் பயன்படும் என்பது என் எண்ணம். முடிவில் நீங்களே தீர்ப்புக் கூறுவீர்களாக.

கூடைப்பந்து 1891ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பவர் வகுத்த விளையாட்டு. அவ்வூர்க் கல்லூரியிலே பயின்ற ஹாரி குரோ பக் என்பவரே 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவியவர். ஆதலின் அந்நகரத்தோடு நமக்கு ஒருவகை உறவும் உண்டு. பக்கத்துக்கு ஐவர், பத்தடி உயரத்தில் ஒரு வளையம், அதனுள் பந்தை இடவேண்டும். ஆட்டம் இவ்வளவே. இதில் நெட்டையர்க்கு ஆதாயம் உண்டு என்பதைச் சிறு குழந்தையும் அறியும்.

அப்படியாயின் மூன்று வினாக்கள் எழுகின்றன. நெட்டையரே இல்லாத அணி என் செய்யும்? திடீரென ஒரு பெருநெட்டையன் வந்து சேர்ந்தால் என் செய்யும்? அவன் படிப்பு முடிந்து போய்விட்டால் என் செய்யும்? கல்லூரி அணி என்பது ஆண்டுதோறும் உருமாறும் ஒன்று. ஆசிரியர் நிலைத்திருப்பார், மாணவர் வந்து போவர். இம்மூன்று வினாக்களுக்கும் தம் வாழ்க்கையிலேயே விடை கண்டவர் ஒருவர் உண்டு. அவர் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளராக விளங்கிய ஜான் வுடன்.

வுடன் 1910இல் பிறந்தவர். பள்ளியில் ஆங்கில ஆசிரியராகப் பணியாற்றியவர். 1948இல் அப்பல்கலைக்கழகத்துக்கு வந்தார். பழைய கட்டடமொன்றின் மூன்றாம் மாடியில், மற்போர் பயில்வோரும் உடற்பயிற்சி செய்வோரும் ஒருபுறம் நெருக்கியிருக்க, தம் மாணவரைப் பழக்கினார். பதினைந்து பருவங்கள் கழிந்தும் தேசிய வெற்றிக் கோப்பை அவர் கைக்கு எட்டவில்லை.

பதினாறாம் பருவமாகிய 1963–64இல் அவரிடம் இருந்த அணியைப் பாருங்கள். முதல் ஐவருள் எவரும் ஆறடி ஐந்தங்குலத்துக்கு மேற்பட்டவர் அல்லர். வளையத்தின் அடியிலே நெட்டையரோடு முட்டி மோதினால் தோல்வி உறுதி. ஆனால் அவ்வைவரும் கால் விரைவும் கை விரைவும் உடையவர், ஓடிக் களைக்காதவர். துணைப் பயிற்சியாளர் ஜெர்ரி நார்மன், எதிரியை ஆடுகளம் முழுவதும் நெருக்கவேண்டும் என்று வற்புறுத்தினார். தம்மினும் இளையவர் சொல்லை வுடன் ஏற்றுக்கொண்டார்.

அந்த முறை யாது? கூடையில் பந்து விழுந்ததும், எதிரணியார் தம் எல்லையிலிருந்து பந்தை எடுத்துப் பத்து வினாடிக்குள் நடுக்கோட்டைக் கடத்தவேண்டும் என்பது விதி. பிற அணியினர் பின்வாங்கித் தம் கூடையருகே காத்து நிற்பர். வுடனின் மாணவரோ முன்னே இருவர், நடுவே இருவர், பின்னே ஒருவர் என நின்று, பந்து புறப்படும் இடத்திலேயே வழிமறித்தனர். கடைக்காவலனாகப் பின்னே நின்றவர் கீத் எரிக்சன். அவர் 1964ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் கைப்பந்து ஆடியவர். துள்ளி எழுந்து, பறந்துவரும் பந்தைத் தட்டிப் பறிப்பது அவருக்கு இயல்பாக வந்தது. இயல்பான அத்திறனுக்கு ஏற்ற இடத்திலேயே அவரை நிறுத்தினார் வுடன்.

இம்முறையின் நுட்பம் பந்தைப் பறிப்பதில் மட்டும் அடங்கிவிடாது. நிதானமாக ஆடும் நெட்டையரைத் தம் வேகத்துக்கு இழுத்துத் திணறடிப்பதே அதன் உட்கருத்து. இறுதிப் போட்டியில் டியூக் பல்கலைக்கழக அணியில் ஆறடி பத்தங்குல உயரமுடையார் இருவர் இருந்தனர். முதற்பாதியில், ஏறத்தாழ இரண்டரை நிமிடத்தில், வுடனின் அணி தொடர்ச்சியாக 16 புள்ளிகள் குவித்தது. முடிவு 98–83. மாற்று ஆட்டக்காரராக வந்த கென்னி வாஷிங்டன் மட்டும் 26 புள்ளிகள் எடுத்தார். அப்பருவத்தின் 30 ஆட்டங்களிலும் அவ்வணிக்குத் தோல்வியே இல்லை.

அடுத்த ஆண்டும் வெற்றி. பின்னர் வந்து சேர்ந்தார் லூ ஆல்சிண்டர். கரீம் அப்துல் ஜப்பார் என்று பிற்காலத்தில் உலகம் அறிந்தவர் இவரே. உயரம் ஏழடிக்கு மேல்! வுடன் பல்லாண்டு போற்றி வளர்த்த தாக்குதல் முறையில், நடு ஆட்டக்காரர் கூடையிலிருந்து தள்ளித் தனி எறிக் கோட்டருகே நின்று, ஊடறுத்து ஓடும் தோழர்க்குப் பந்து வழங்குவார். அங்கே ஆல்சிண்டரை நிறுத்துவது யானையைக் கொண்டு எறும்புப் புற்றுக்குக் காவல் வைப்பதை ஒக்கும். தம் பழைய முறையை வுடன் ஒதுக்கிவைத்தார். அவரைக் கூடையருகே நிறுத்தி, மற்ற நால்வரும் அவருக்குப் பந்து ஊட்டுமாறு புதியதொரு முறை வகுத்தார். 1967 முதல் 1969 வரை மூன்று பருவங்களில் 88 வெற்றி, இரண்டே தோல்வி. மூன்று ஆண்டும் கோப்பை அவர்களுக்கே.

1967ஆம் ஆண்டுப் பருவம் முடிந்தபின், வளையத்துக்கு மேலிருந்து பந்தை உள்ளே திணிப்பதைக் கல்லூரி ஆட்டங்களில் தடை செய்தனர். அத்தடை 1976 வரை நீடித்தது. ஆல்சிண்டர் சோர்ந்துவிடவில்லை. கையை உயர்த்திக் கொக்கிபோல் வளைத்து எறியும் எறியைச் செம்மை செய்துகொண்டார். பின்னாளில் அவர் புகழுக்கு அவ்வெறியே அடையாளமாயிற்று.

1969இல் அவர் பட்டம் பெற்றுச் சென்றார். பெரும்புகழ் தந்த முறை ஆயிற்றே என்று வுடன் அதைக் கட்டிக்கொண்டு அழவில்லை. பழைய முறைக்கே திரும்பினார். 1970 இறுதிப் போட்டியில் ஜாக்சன்வில் அணியில் ஏழடி இரண்டங்குல ஆர்டிஸ் கில்மோர் நின்றார். அவரைத் தடுக்க வேண்டியவர் ஆறடி எட்டங்குலமே உடைய சிட்னி விக்ஸ். முதலில் கில்மோருக்கு முன்னே நின்று தடுத்தார், எதிரணி முந்தியது. ஆட்டத்தின் நடுவிலேயே வுடன் அவரைப் பின்னே மாற்றி நிறுத்தினார். விக்ஸ் துள்ளியெழுந்து தடுக்கத் தடுக்கக் கில்மோரின் எறிகள் தவறின. முடிவு 80–69. 1975இல் அவர் ஓய்வு பெற்றபோது, பன்னிரண்டு ஆண்டுகளில் பத்துக் கோப்பைகள் சேர்ந்திருந்தன.

அன்பர்களே! எல்லாவற்றையும் மாற்றினால் ஒழுங்கு குலையாதோ என்று நீங்கள் வினவலாம். நல்ல வினா. வுடன் மாற்றியவை பல, மாற்றாதவையும் உண்டு. ஆண்டின் முதல் நாளில், காலுறையைச் சுருக்கம் விழாமல் அணியும் விதத்தை ஒவ்வொரு மாணவர்க்கும் கற்பித்தார். சுருக்கம் கொப்புளமாகும், கொப்புளம் ஆட்டத்தைக் கெடுக்கும். பில் வால்டன் என்னும் பெருவீரர் முடிவெட்ட மறுத்தபோது, அவர்தம் மன உறுதியை மதிப்பதாகவும், அவர் இல்லாத குறையை அணி உணரும் என்றும் மட்டும் கூறினார். வால்டன் முடிவெட்டிக்கொண்டு வந்தார். ஆட்டமுறை ஆளுக்கேற்ப மாறியது. ஒழுக்கமோ எல்லார்க்கும் ஒன்றாகவே நின்றது.

'தெரிந்து வினையாடல்' என்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார். ஆயினும் நம் இல்லங்களில் நடப்பது யாது? பிறந்த ஊரைவிட்டுத் தொலைவில் வந்து உழைக்கும் நமக்குப் பிள்ளைகளின் எதிர்காலம் குறித்த அச்சம் மிகுதி. அவ்வச்சத்தால் ஒரே வார்ப்படத்தில் எல்லாரையும் வார்க்க முனைகின்றோம். மூத்தவன் பொறியியல் படித்து மேனிலை அடைந்தானென்றால், இளையவனும் அதே வழியில் ஓடவேண்டும். எரிக்சனின் கால்களை உடைய பிள்ளையை ஆல்சிண்டரின் இடத்தில் நிறுத்திவிட்டு, 'எட்டவில்லையே' என்று கடிந்துகொள்கின்றோம். எட்டாதது பிள்ளையின் குற்றமா? நிறுத்திய இடத்தின் குற்றமா?

இளைஞர்களே! உங்களுக்கும் ஒரு சொல். முதல் ஐவருள் இடம் கிடைக்கவில்லை என்று வாடாதீர்கள். வாஷிங்டனும் ஓரத்தில் அமர்ந்திருந்தவரே. அழைப்பு வந்தபோது ஆயத்தமாக இருந்தார். பெற்றோர்களே! பிள்ளைகளின் காலுறை சுருங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒழுக்கத்தில் தளர்வு வேண்டா. ஆனால் அவர்கள் ஆடவேண்டிய ஆட்டத்தை அவர்களுடைய திறனைக் கண்டு வகுத்துக் கொடுங்கள்.