இலைக்குள் ஒரு கலிங்கு
(அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



சில ஆண்டுகளுக்கு முன் ஒன்பதாம் வகுப்புத் தேர்வில், "ஒளி அதிகரித்தால் ஒளிச்சேர்க்கை என்னவாகும்?" என்று கேட்டிருந்தேன். "ஓரளவுக்கு மேல் கூடாது, செடி வெளுத்துவிடும்" என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். தவறு என்று சிவப்பு மையால் அடித்துவிட்டேன். மறுநாள் விடைத்தாளுடன் வந்து, "நிழல்ல இருந்த கத்தரி நாத்தைத் திடீர்னு வெயில்ல வெச்சா வெளுத்துப் போகுதே சார்?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. அதன் பிறகுதான் தேடிப் படித்தேன்.

நெல், கத்தரி போன்ற பயிர்களின் இலைகளால் உச்சிவெயில் முழுவதையும் பயன்படுத்த முடியாது. கார்பன் டை ஆக்சைடை நிலைநிறுத்தும் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. அதற்கு மேல் பச்சையம் பெறும் ஆற்றல் ஆக்சிஜனுக்குச் சென்றால், கேடு விளைவிக்கும் ஆக்சிஜன் வகைகள் உருவாகி இலையையே சிதைக்கும்.

ஏரி நிரம்பினால் உபரிநீர் கலிங்கு வழியே வெளியேறுகிறது அல்லவா? இலையிலும் அப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறது. வெயில் மிகும்போது தைலகாய்டின் உட்புறம் அமிலத்தன்மை கூடுகிறது. உடனே வயலோசாந்தின் என்ற நிறமி, சில நிமிடங்களில் சியாசாந்தினாக மாறத் தொடங்குகிறது. ஒரு புரதத்தின் துணையோடு மிகுதியான ஆற்றல் வெப்பமாக வெளியேறிவிடுகிறது. நிழலில் வளர்ந்த இலையில் இந்த நிறமிகள் குறைவு; அதன் கலிங்கு சிறியது. நாற்றைச் சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்குவதன் காரணங்களில் இதுவும் ஒன்று.

இதில் ஒரு குறையும் உண்டு. மேகம் மறைத்த பின்பும் கலிங்கு உடனே மூடுவதில்லை. அந்த நிமிடங்களில் பயன்பட வேண்டிய ஒளியும் வெப்பமாக வீணாகிறது. அமெரிக்காவில் இல்லினாய், பெர்க்லி ஆய்வாளர்கள் புகையிலைச் செடியில் மூன்று மரபணுக்களின் செயல்பாட்டைக் கூட்டி, இதை விரைவில் மூடச் செய்தார்கள். வயலில் அச்செடிகளின் உலர் எடை 14 முதல் 20 சதவீதம் கூடியதாக 2016இல் அறிவித்தார்கள்.

வகுப்பில் ஒரு சோதனை செய்யலாம். கீரையைச் சாராயக் கரைசலில் நசுக்கி வடிகட்டி, இருட்டில் ரூபாய் நோட்டுச் சோதிக்கும் ஊதா விளக்கைக் காட்டுங்கள். பச்சைச் சாறு சிவப்பாக ஒளிரும். ஆற்றலுக்குப் போக்கிடம் இல்லாததே காரணம். அருகில் தீ வேண்டாம். விளக்கைக் கண்ணில் காட்டவும் வேண்டாம்.

அந்த மாணவிக்கு மதிப்பெண்ணைத் திருத்திக் கொடுத்தேன். வகுப்பிலும் அதைச் சொன்னேன். நம் விடைக்குறிப்பில் இல்லாத விடை வந்தால், அடிப்பதற்கு முன், "எங்கே பார்த்தாய்?" என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.