அஸ்தத்துக்குப் பக்கத்தில் ஒரு மங்கல் மண்டலம்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



விடுதி மொட்டை மாடியில் பாய் விரித்து, அஸ்த நட்சத்திரத்தைத் தேடிய பேர்வழிகள் சிலர் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். சித்திரை, வைகாசி முன்னிரவில் தெற்கே நன்றாகத் தெரியும். அதற்குச் சற்று மேற்கே ஒரு விண்மீன் மண்டலமே இருந்தது; நாம் அந்தப் பக்கம் பார்த்தும் பார்க்கவில்லை. நம்மை விடுங்கள், 2016 வரை உலகத்தில் யாருமே அதை அடையாளம் காணவில்லை.

கிரேட்டர்-2 என்று பெயர். நம் பால்வீதியின் குட்டித் துணை மண்டலங்களில் ஒன்று. தூரம் சுமார் 3,80,000 ஒளியாண்டு. அதன் பாதி ஒளி அடங்கிய வட்டமே முழுநிலவைப்போல் இரண்டு மடங்கு அகலம்! ஆனால் மொத்த வெளிச்சம் சுமார் 1,60,000 சூரியன்களுக்குச் சமம், அவ்வளவுதான். அத்தனை பரப்பில் அது சிதறிக் கிடப்பதால் கண்ணுக்கு எட்டாது. சிலி நாட்டுத் தொலைநோக்கி ஒன்றின் படங்களில் விண்மீன்களை எண்ணி, 'இங்கே கொஞ்சம் கூடுதலாக இருக்கிறதே' என்றுதான் கண்டுபிடித்தார்கள்.

தகராறு 2017-இல் ஆரம்பித்தது. அதன் விண்மீன்கள் உள்ளே அலையும் வேகத்தை அளந்தார்கள். விநாடிக்கு 2.7 கிலோமீட்டர்! இவ்வளவு அகலமான மண்டலத்துக்கு இது ரொம்பக் குறைவு. வேகம் குறைவென்றால் பிடித்து வைத்திருக்கும் நிறையும் குறைவு. கரும்பொருள் கொள்கை எதிர்பார்த்தது அதுவல்ல. ஈர்ப்பு விதியையே மாற்றச் சொல்லும் கட்சியைச் சேர்ந்த ஸ்டேசி மெக்கா, அளப்பதற்கு முன்பே 2.1 என்று கணித்து வெளியிட்டிருந்தார். பிழை வரம்புக்குள் பொருந்திவிட்டது. நான் கரும்பொருள் கட்சிக்காரன், உறுத்தத்தான் செய்தது.

எங்கள் பக்கத்துச் சமாதானம் இது: பால்வீதியை நெருங்கிப் போன ஒவ்வொரு தடவையும், கடலில் ஓதம் எழுப்பும் அதே விசை, இதன் கரும்பொருளை உரித்திருக்கலாம். பிறந்தபோது கொழுகொழு, இன்று இளைப்பு. சரி, அப்படி நெருங்கி வந்ததா? அதற்கு வந்த வழி தெரியணும்.

ஐரோப்பாவின் கையா விண்கலம் 2018-இல் வெளியிட்ட அளவீடுகள் அந்த வழியைக் காட்டின. வானத்தில் அந்த மண்டலம் எவ்வளவு நகர்கிறது தெரியுமா? நிலவில் நிற்கும் ஒரு பொருள் வருஷத்துக்கு ஒரு சாண் நகர்ந்தால் பூமியிலிருந்து எப்படித் தெரியுமோ, அவ்வளவு! அதிலும் நம் சூரியனின் ஓட்டத்தைக் கழிக்கணும். கணக்குப் போட்டால், ஏறத்தாழ ஒரு லட்சம் ஒளியாண்டு வரை நெருங்கி வந்து போயிருக்கிறது. பெரிய மெகல்லன் மேகமும் குறுக்கே இழுப்பதால் ஆளுக்கொரு விடை.

அந்த நெருக்கம் போதுமா என்பதில்தான் சண்டை. மையத்தில் கரும்பொருள் செறிந்திருந்தால், உரிக்க உரிக்க மண்டலமும் சுருங்கணும். இவ்வளவு அகலம் நிற்காது. மையம் தளர்வாக இருந்தால் நிற்கும். ஆக, கேள்வி கரும்பொருளின் குணத்திலேயே போய் நிற்கிறது. 2018-இல் கிடைத்த ஆன்ட்லியா-2 இன்னும் அகலம், இன்னும் மங்கல். அது இழுபடுவதற்கான அறிகுறி 2021-இல் தெரிந்தது. கிரேட்டர்-2 வழக்கு இன்னும் முடியவில்லை.

கையா 2025 ஜனவரியில் கண்ணை மூடிக்கொண்டது. வெளியிட்ட அளவீடுகள் யாருக்கும் இலவசம். மாணவர்கள் விரும்பினால், சிற்றுண்டிக்குப் பிறகு கணிப்பொறி அறைக்கு வாருங்கள்; எப்படி இறக்கிக்கொள்வது என்று காட்டித் தருகிறேன்.