ஜோ கான்ஸ்: பட்டம் ஒருவருக்கு, பணம் இன்னொருவருக்கு
(தொழிலாளர் படிப்பகத்தில் ஆற்றிய உரை)

இரண்டு பேர் குத்திக்கொள்ளும் சண்டையில் தொழிலாளிக்கு என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். ஜோ கான்ஸின் கதையைக் கேளுங்கள். அதில் உழைப்பும் உண்டு, கூலியும் உண்டு.

அமெரிக்காவில் பால்டிமோர் ஒரு துறைமுகப் பட்டினம். 1874-ல் அங்கே பிறந்த கறுப்பர் கான்ஸ். வளர்ப்புத் தாயிடம் வளர்ந்தவர். மீன் சந்தையில் வேலை பார்த்தவர். கறுப்புப் பையன்களைக் கும்பலாக மேடையேற்றி, ஒருவன் மிஞ்சும்வரை அடித்துக்கொள்ளவிட்டு, வெள்ளைக் கனவான்கள் காசு வீசி ரசித்த காலம் அது. அந்த மேடையிலிருந்து வந்தவர்தான் கான்ஸ்.

முரட்டு அடி அவர் வழியல்ல. எதிரியின் குத்தைத் தட்டிவிடுவார். இடம் பார்த்து நேராகக் குத்துவார். 'பழைய வாத்தியார்' என்றே அவருக்குப் பெயர். 1902 மே 12-ல், கனடாவின் ஃபோர்ட் ஈரியில், பிராங்க் எர்னை முதல் ரவுண்டிலேயே வீழ்த்தி லைட்வெயிட் உலகப் பட்டத்தை வென்றார். அமெரிக்காவில் பிறந்த கறுப்பர்களில் உலகப் பட்டம் பெற்ற முதல் குத்துச்சண்டை வீரர் அவரே.

பட்டம் வந்தது, பணம் வந்ததா? 1906-ல் கான்ஸின் கை காலி. அப்போது நெவாடா பாலைவனத்துச் சுரங்க ஊரான கோல்டுஃபீல்டில் ஒரு சண்டை ஏற்பாடாயிற்று. ஏற்பாடு செய்தவர் சாராயக் கடை நடத்திய டெக்ஸ் ரிக்கார்டு. ஊர்ப் பெயர் பரவினால் சுரங்கப் பங்குகள் விலைபோகும் என்பது முதலாளிகளின் கணக்கு. பரிசுப் பணத்தைத் தங்க நாணயங்களாக அடுக்கிக் கண்ணாடி ஜன்னலில் காட்சிக்கு வைத்தார்கள்.

எதிரி, பேட்லிங் நெல்சன் என்ற வெள்ளையர். பட்டம் வைத்திருந்த கான்ஸுக்கு 11,000 டாலர். நெல்சனுக்கு அதைப்போல் ஏறக்குறைய இரண்டு பங்கு! அதோடு விட்டார்களா? எடை 133 ராத்தலைத் தாண்டக்கூடாதென்று, சண்டை உடுப்போடு, அன்று ஒரே நாளில் மூன்று தடவை கான்ஸைத் தராசில் ஏற்றினார்கள். களத்தில் நெல் அளக்கும்போது மரக்கால் யார் கையில் என்று பார்க்கிறவர்கள் நீங்கள். இந்தச் சூழ்ச்சி உங்களுக்கா புரியாது?

1906 செப்டம்பர் 3. கொளுத்தும் வெயில். 33-வது ரவுண்டில் கான்ஸின் கை எலும்பு முறிந்தது. எதிரிக்குக் காட்டிக்கொள்ளாமல் நின்றார். 42-வது ரவுண்டில் நெல்சன் இடுப்புக்குக் கீழே குத்தினார். நடுவர் அவரைத் தகுதி நீக்கம் செய்தார். பட்டம் கான்ஸிடமே நின்றது.

அந்த ஊரின் மறுபக்கத்தையும் பாருங்கள். மறு வருஷம், 1907-ல், கோல்டுஃபீல்டு சுரங்க முதலாளிகள் கூலியை ரொக்கமாகத் தராமல் சீட்டாகத் தந்தார்கள். தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜனாதிபதி ரூஸ்வெல்ட் பட்டாளத்தை அனுப்பினார். அவர் பின்னர் அனுப்பிய விசாரணைக் குழுவே, பட்டாளத்துக்கு அவசியமில்லை என்று கண்டது.

1908-ல் கான்ஸை க்ஷயரோகம் தின்றுகொண்டிருந்தது. அந்த உடம்போடு நெல்சனிடம் இரண்டு தடவை தோற்றார், பட்டம் போயிற்று. 1910 ஆகஸ்ட் 10-ல், 35 வயதில், பால்டிமோரில் இறந்தார்.

தோழர்களே! மேடையில் கான்ஸை நேர்வழியில் மடக்க முடியாதவர்கள் ஒப்பந்தத்தில் மடக்கினார்கள். கைத்திறன் ஒருவனிடம் இருந்தால் மட்டும் போதாது. கூலியையும் எடையையும் நிர்ணயிக்கும் இடத்தில் அவனுக்குக் குரல் வேண்டும். தனி மனிதனாக நின்ற கான்ஸுக்கு அது கிடைக்கவில்லை. சேர்ந்து நிற்பவர்களுக்கே அது கிடைக்கும்.