மதுச்சாலையிற் பிறந்த இசை

கோயிலிலே பிறந்த இசை உண்டு. அரசவையிலே வளர்ந்த இசை உண்டு. மதுச்சாலையிலே பிறந்த இசையும் உண்டு. அமெரிக்க நாட்டிலே அதனை 'ஹொங்கி ரொங்க்' என்பர். முதலில் மலிவான மதுச்சாலையைக் குறித்த அச்சொல், பின்னர் அங்கு ஒலித்த பாட்டுக்கும் பெயராயிற்று.

1933ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மதுவிலக்கு நீங்கியது. ரெக்ஸாஸ் மாநிலத்தில், எண்ணெய்க் கிணறுகளை அண்டிய ஊர்களிலே மதுச்சாலைகள் பெருகின. பகலெல்லாம் உழைத்துக் களைத்தோர் இரவிலே அங்கு கூடினர். குடிப்போர் கூச்சலும் ஆடுவோர் காலடியோசையும் நிறைந்த கூடத்தில், மெல்லிய நரம்புக்கருவியின் நாதம் எவ்வாறு எடுபடும்? ஆகவே மின்விசையால் ஒலிபெருக்கும் கிற்றார் அங்கே இடம்பெற்றது. பாடுபொருளும் மாறியது. பிறந்த வீட்டையும் அன்னையின் அன்பையும் போற்றிய நாட்டுப்பாடல், பிரிவையும் துரோகத்தையும் தனிமையையும் ஒளிவின்றிப் பாடலாயிற்று. ஏர்னஸ்ற் ரப் 1941இல் இம்முறைக்குப் புகழ் தேடித் தந்தார். அதனை உச்சத்திற்குக் கொண்டுசென்ற ஹாங்க் வில்லியம்ஸ், 1953 ஜனவரி முதலாம் நாளில், தமது 29ஆவது வயதிலேயே மறைந்தார்.

பின்னர், ஐம்பதுகளின் பிற்பகுதியில், நாஷ்வில் நகரத்து இசைத்தட்டு நிறுவனங்கள் இந்த இசையின் கரடுமுரடை நீக்க முற்பட்டன. வயலின் கூட்டங்களும் பின்னணிக் குழுவினரின் இன்குரல்களும் புகுந்தன. விற்பனை பெருகியது, மதுச்சாலையின் மணமோ மங்கியது.

இந்நிலையிலேதான் டுவைற் யோக்கம் தோன்றினார். 1956இல் கென்ரக்கி மாநிலத்திலே பிறந்து, ஒகையோ மாநிலத்தில் வளர்ந்தவர் அவர். அவருடைய தாய்வழிப் பாட்டனார் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. நாஷ்வில் நகரம் அவருடைய பழைய பாணியை வரவேற்கவில்லை. அவர் லொஸ் ஏஞ்சலிஸ் சென்று, ஆவேச இசையை விரும்பிய இளைஞர் கூடிய அரங்குகளிலே பாடினார். 1984இல் ஆறு பாடல்கள் கொண்ட சிறு இசைத்தட்டொன்று வெளிவந்தது. அதனோடு நான்கு பாடல்களைச் சேர்த்து, 'கிற்றார்கள், கடிலக்குகள், இன்னபிற' எனப் பொருள்படும் தலைப்பிலே 1986இல் முழு இசைத்தட்டு வெளியாயிற்று. அதனை உருவாக்கியவர் கிற்றார்க் கலைஞர் பீற் அண்டர்சன்.

பத்துப் பாடல்களில் ஏழு யோக்கம் இயற்றியவை. ஏனைய மூன்றும் முன்னோரின் செல்வம். அவற்றுள் 'ஹொங்கி ரொங்க் மான்' என்பது, அவர் பிறந்த அதே 1956இல் ஜோனி ஹோர்ட்டன் பாடி வெளியிட்டது. ஆயினும் இந்த இசைத்தட்டின் உயிர்நிலை வேறு இரு பாடல்களிலே உள்ளது. ஒன்று, நாள்தோறும் நிலத்தினடியில் இறங்கும் சுரங்கத் தொழிலாளியின் பிரார்த்தனை; பாட்டனாருக்கான காணிக்கை. மற்றொன்று, தென்னாட்டில் இருக்கும் ஒருத்தி எழுதியும் அனுப்பாத கடிதத்தைப் பற்றியது. தன்மானம் அவளைத் தடுக்கின்றது. அவனோ தொலைவிலுள்ள சிக்காகோவிலே, குளிர்ந்த அறையொன்றில், மதுவோடு கிடக்கின்றான். பிழைப்புத் தேடி வடக்கே சென்ற மக்களின் வாழ்வு முழுவதும் அந்த ஒரு கடிதத்திலே அடங்கிவிடுகின்றது.

பழமையானது என்று ஒதுக்கப்பட்ட இந்த இசையே, அவ்வாண்டின் நாட்டுப்பாடல் இசைத்தட்டு வரிசையில் முதலிடம் பெற்றது. யோக்கம் பழைய பாட்டைக் காட்சிச்சாலைப் பொருளாகக் காக்கவில்லை; தம் குடும்பத்தின் துயரை அதனிடம் ஒப்படைத்தார். சொல்வதற்குத் துயரமும் கேட்பதற்குச் செவியும் உள்ளவரை, ஒரு பழைய இசைமுறை மடிந்துவிடுவதில்லை.